பெரியப்பாவின் யாஷிகாவில் ஒரு ரோல்

“இது பிலிம்ல எடுத்ததா? பார்த்தா அப்படித் தெரியலையே!”

படங்களைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொன்னார்கள். சிலர் குரலில் ஏமாற்றம்கூட இருந்தது. ஐம்பது வருஷத்துக் கேமரா, உள்ளே பிலிம் ரோல் என்றதும் அவர்கள் மனதில் ஒரு படம் தயாராகிவிடுகிறது. செம்பட்டை அடித்த நிறம், ஓரத்தில் ஓர் ஆரஞ்சுக் கீற்று, மேலே கொஞ்சம் கீறல், புள்ளி புள்ளியாக மங்கல். போனில் ‘விண்டேஜ்’ என்ற பட்டனைத் தட்டினால் கிடைக்குமே, அந்த வகை. நான் காட்டிய படத்தில் திருமலை நாயக்கர் மகால் தூணின் சுண்ணாம்புப் பூச்சில் ஓடிய மயிரிழை வெடிப்புகள்கூடத் தெரிந்தன. வானம் நீலமாகவே இருந்தது. மல்லிகை வெள்ளையாகவே இருந்தது.

பிலிம் கேமராவை முதன்முதலாகக் கையில் எடுத்ததைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘நிதானம்’, ‘காத்திருப்பு’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதெல்லாம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் 36 படம்தான் என்றால் யாராயிருந்தாலும் யோசித்துத்தான் அமுக்குவார்கள். அது ஞானம் இல்லை, பட்ஜெட். எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு. இந்தப் பழைய பெட்டிக்கு இவ்வளவு கூர்மையான பார்வையா என்பதுதான்.

கேமரா பெரியப்பாவுடையது. எங்களுக்குச் சிவகங்கைப் பக்கம். எழுபதுகளில் அவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது கொண்டு வந்த சாமான்களில் இதுவும் ஒன்று. கோடாலித் தைலம் அந்த வருஷமே தீர்ந்தது. டேப் ரெக்கார்டர் ஒரு மாமா வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பவே இல்லை. கேமரா மட்டும் தோல் உறையோடு பீரோவில் தங்கிவிட்டது. நான் கேட்டதும், “எடுத்துட்டுப் போம்மா. ஆனா ஓடுமான்னு எனக்குத் தெரியாது, சொல்லிட்டேன்” என்றார் பெரியப்பா. பெரியம்மாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. ஓடாது என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

யாஷிகா எலெக்ட்ரோ 35 ஜிஎஸ்என். எலெக்ட்ரோ 35 வரிசை 1966-இல் ஆரம்பித்தது. ஜிஎஸ்என் மாடல் 1973-இல் வந்தது. தூக்கிப் பார்த்தால் முக்கால் கிலோ கனக்கும். லென்ஸ் 45 மில்லிமீட்டர், எஃப் 1.7. அதைச் சுற்றி ‘கலர்-யாஷினான்’ என்று எழுதியிருக்கும். கலர் பிலிம் என்பது பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சமாச்சாரமாக இருந்த காலம். கழற்றி வேறு லென்ஸ் மாட்ட முடியாது. ஜூம் கிடையாது. கிட்டே வேண்டுமென்றால் நாம்தான் நடந்து போக வேண்டும், அதுவும் 80 சென்டிமீட்டருக்கு மேல் நெருங்கக் கூடாது.

இது பாதி ஆட்டோமேட்டிக். அபெர்ச்சரை, அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரத்தின் அளவை, நாம் வைக்கிறோம். எஃப் எண் கூடினால் துவாரம் சுருங்கும். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் மின்சுற்று தீர்மானிக்கிறது. வேகமாகப் போனால் 1/500 செகண்ட், நிதானமாகப் போனால் 30 செகண்ட், இடையில் எதுவாகவும் இருக்கலாம். எந்த வேகத்தைத் தேர்ந்தெடுத்தது என்று மட்டும் நம்மிடம் சொல்லாது. இரண்டு விளக்குகள் உண்டு. வெளிச்சம் போதாமல் வேகம் 1/30-க்குக் கீழே போனால் மஞ்சள் எரியும், கையை ஆட்டாதே என்று அர்த்தம். வெளிச்சம் 1/500-க்கும் மிஞ்சினால் சிவப்பு எரியும். இரண்டும் எரியாவிட்டால் எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் பேச்சு. போனில் படம் எடுக்கும்போது திரையில் ஓடும் எண்களையும் கட்டங்களையும் பார்த்துப் பழகிய எனக்கு இந்தச் சுருக்கம் பிடித்திருந்தது.

சிக்கல் பேட்டரியில் வந்தது. 5.6 வோல்ட் பாதரசப் பேட்டரி ஒன்றை நம்பி இந்தக் கேமராவைச் செய்திருக்கிறார்கள். பாதரசம் ஆகாது என்று அந்த வகைப் பேட்டரிகளை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. மாற்று ஏற்பாடு ஒன்று யாஷிகா வைத்திருப்பவர்களிடையே புழக்கத்தில் உண்டு. வாட்ச் கடையில் கிடைக்கும் எல்ஆர்44 பட்டன் செல் நான்கை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் 6 வோல்ட் வரும். அதைத் தாளில் இறுக்கமாகச் சுருட்டி, குழியில் மிச்சமிருக்கும் நீளத்துக்கு ஒரு ஸ்பிரிங்கை வைத்தால் மூடி கச்சிதமாக உட்காரும். அந்த 0.4 வோல்ட் கூடுதலை இந்தக் கேமரா பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. பின்பக்கம் இருக்கும் சோதனைப் பட்டனை அமுக்கினேன். மேலே படம் எண்ணும் சின்ன ஜன்னலில் பச்சை விளக்கு எரிந்தது. பெரியம்மாவுக்கு உடனே போன் போட்டுச் சொன்னேன்.

விளக்கு எரிந்துவிட்டால் கேமரா ஓடுகிறது என்று அர்த்தமில்லை. அதனால் டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடிகாரமும் கேமராவும் பழுது பார்க்கும் ஒருவரிடம் கொண்டு போனேன். அறுபதைத் தாண்டியவர். திருப்புளியைத் தொடவே இல்லை. கேமராவைக் காதோரம் வைத்துக்கொண்டு, பிலிம் நகர்த்தும் லீவரை ஒருமுறை முழுக்க இழுத்தார். இன்னொருமுறை ஷட்டரை அமுக்கிவிட்டு மறுபடி இழுத்தார்.

“சத்தம் கேட்டுச்சாம்மா?”

கேட்கவில்லை என்றேன்.

“அதான் பிரச்சினை. கேக்கணும்.”

எலெக்ட்ரோ வரிசைக்கே உள்ள வியாதி இது. உள்ளே ஷட்டரை இயக்கும் தண்டு ஒன்று ஒரு சின்ன ரப்பர்த் துண்டின் மேல் வந்து உட்கார வேண்டும். லீவரை இழுக்கும்போது ‘டொக்’ என்று கேட்கும் சத்தம் அந்தத் தண்டு தன் இடத்துக்குத் திரும்புகிற சத்தம். வருஷங்கள் ஆக ஆக அந்த ரப்பர் இறுகி, பொடிந்து, உதிர்ந்துவிடும். அப்புறம் தண்டு திரும்ப வேண்டிய தூரம் திரும்பாது, விளக்கும் வேகமும் தாறுமாறாகப் போகும். வெளியே பார்த்தால் கேமரா புதுசாக மின்னும். வெளிநாட்டுக் கேமரா ஆர்வலர்கள் இந்த ரப்பர்த் துண்டை ‘மரணப் பட்டை’ என்றே சொல்வார்கள். கொஞ்சம் அதிகப்படியான பெயர்தான். ஏனென்றால் வேறு ஒரு ரப்பரை அதே கனத்துக்கு வெட்டி ஒட்டினால் கேமரா பிழைத்துக்கொள்கிறது.

அவர் ரப்பர் மாற்றினார். பின்கதவைச் சுற்றி வெளிச்சம் புகாமல் இருக்க வைத்திருந்த பஞ்சு, பிசுபிசுவென்று தாராகியிருந்தது. அதை ஸ்பிரிட்டால் சுரண்டித் துடைத்துவிட்டு, கறுப்பு வெல்வெட் நாடாவை நறுக்கி ஒட்டினார். அந்தப் பஞ்சு கெட்டால்தான் படத்தின் ஓரத்தில் ஆரஞ்சுக் கீற்று விழும். போன் ஆப்புகள் ‘பழமை’ என்று விற்கும் அந்தக் கீற்று, ஒரு மெக்கானிக் பத்து நிமிஷத்தில் சரிசெய்துவிடக்கூடிய கோளாறு.

லென்ஸை டார்ச் அடித்துப் பார்த்தபோது ஓரத்தில் மெல்லிய நூலாகப் பூஞ்சை. “தோல் உறையிலயே வச்சிருந்தீங்களா? பீரோலயா?” என்றார். ஆமாம். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், இருட்டும் சேர்ந்தால் பூஞ்சைக்கு விருந்து. பத்திரப்படுத்துகிறோம் என்று நினைத்து ஊரில் எத்தனை வீட்டில் கேமராக்களை இப்படித்தான் சாகடித்துக்கொண்டிருக்கிறோமோ தெரியவில்லை. முன்பக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததில் பூஞ்சை முக்கால்வாசி போய்விட்டது. மிச்சம் படத்தில் தெரியாது என்றார். தெரியவும் இல்லை.

அப்புறம் பிலிம். கோடாக் கோல்டு 200 வாங்கினேன். இப்போது ஒரு கலர் ரோல் ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்து கிடைப்பது அபூர்வம். கழுவி ஸ்கேன் செய்ய இன்னும் சில நூறு. ஒருமுறை ஷட்டரை அமுக்கினால் நாற்பது ரூபாய் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரை வெயிலில் பிலிமை மேஜையில் போட்டு வைக்க முடியாது, பிரிட்ஜில் வைக்க வேண்டும். எடுத்தவுடன் டப்பாவைத் திறந்தால் உள்ளே வியர்த்துவிடும், ஒரு மணி நேரமாவது வெளியில் ஆறவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

ரோல் ஏற்றுவதற்காகவே ஊருக்குப் போனேன். எப்படி ஏற்றுவது என்று காட்டும் வீடியோக்கள் ஏராளம். ஆனால் பெரியப்பா இருக்கும்போது அதைப் பார்த்துக் கற்றுக்கொள்வது மரியாதையாகப் படவில்லை. திண்ணையில் உட்கார்ந்து கேமராவை மடியில் வைத்தவர், முதலில் வெயிலைப் பார்த்து முதுகைத் திருப்பிக்கொண்டார். தன் நிழலிலேயே ரோல் ஏற்ற வேண்டும் என்பது அவர் கணக்கு. இடது பக்கக் குமிழை மேலே இழுத்தார், பின்கதவு திறந்தது. டப்பாவை உட்காரவைத்து, பிலிம் நாக்கை இழுத்து, வலது பக்க உருளையின் வெட்டில் செருகினார். பல்லில் இரண்டு பக்க ஓட்டையும் மாட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். கண் சரியாகத் தெரியாதவர், விரலுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

கதவை மூடி லீவரை இழுத்தபோது, “இங்க பாரு” என்று இடது பக்கக் குமிழைக் காட்டினார். அது தானாகச் சுழன்றது. “இது சுத்துனாத்தான் உள்ள ரோல் நகருதுன்னு அர்த்தம். சுத்தலைன்னா நீ பாட்டுக்கு ஊரெல்லாம் படம் புடிச்சுட்டு வருவ, ஒண்ணுமே இருக்காது.”

வழக்கமாக இரண்டு மூன்று படத்தைச் சும்மா அமுக்கிவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள். பெரியப்பாவுக்கு அது வீண்செலவு. நிழலில் கவனமாக ஏற்றினால் 36 படத்து ரோலில் 38 எடுக்கலாம் என்பார். “ஒரு ரோல் வாங்குனா ரெண்டு தீபாவளி தாங்கணும்மா.” அப்போதெல்லாம் அப்படித்தான். ரோலின் ஒரு முனையில் காதுகுத்து, மறுமுனையில் கோயில் திருவிழா, நடுவில் யாரோ புதுசாக வாங்கிய சைக்கிள். முழு ரோலும் தீர்ந்த பிறகுதான் ஸ்டுடியோவுக்குப் போகும்.

இன்னொன்றும் சொன்னார். பிலிம் 200 ஏஎஸ்ஏ (வெளிச்சத்தை வாங்கும் வேகத்துக்கான எண்) என்றாலும் கேமராவில் 100-க்கும் 200-க்கும் நடுவில் வைக்கச் சொன்னார். கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் விழட்டும் என்று. இதற்குக் காரணம் இருக்கிறது. நெகடிவ் பிலிம் வெளிச்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளும், இரண்டு மடங்கு நான்கு மடங்கு விழுந்தாலும் படத்தை மீட்டுவிடலாம். குறைந்தால்தான் தாங்காது. நிழல் பகுதி எல்லாம் சேறாகிவிடும். டிஜிட்டலில் நேர் எதிர். அங்கே வெளுத்துப்போன இடம் போனதுதான், இருட்டைத்தான் இழுத்து மீட்கலாம். போனில் வருஷக்கணக்காகப் படம் எடுத்த பழக்கத்தை இந்த ஓர் இடத்தில் தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டியிருந்தது.

மகாலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அங்கே வெயிலும் இருட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுதான். நடுமுற்றத்தில் காலை பதினோரு மணி வெயில் கொளுத்தும். பத்து எட்டு வைத்தால் தூண்களுக்குப் பின்னால் கண் பழகச் சற்று நேரம் பிடிக்கும் நிழல். சீட்டுக் கொடுக்கிற இடத்தில் கேமராவைத் தூக்கிக் காட்டினேன். அவர் கேமராவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இது ஓடுதா?” என்று கேட்டுவிட்டுத்தான் சீட்டைக் கிழித்தார்.

முற்றத்தில் நின்று அபெர்ச்சரை எஃப் 8-இல் வைத்து ஷட்டர் பட்டனைப் பாதி அமுக்கினேன். சிவப்பு. வளையத்தை எஃப் 11-க்குத் திருப்பினேன். விளக்கு அணைந்தது. கணக்கு மிகச் சரி. நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால், பிலிமின் ஏஎஸ்ஏ எண் எதுவோ கிட்டத்தட்ட அதில் ஒரு பங்கு செகண்ட் ஷட்டர் வேகம் என்பது பழைய புகைப்படக்காரர்களின் மனக்கணக்கு. 200 பிலிமுக்கு எஃப் 16-இல் 1/200 என்றால், எஃப் 11-இல் 1/400. எஃப் 8-இல் 1/800 வேண்டும், இந்தக் கேமராவால் முடியாது. அதைத்தான் சிவப்பு சொன்னது. இதில் நம்ம ஊருக்கு ஒரு சலுகையும் உண்டு. பேட்டரி செத்துவிட்டால் இந்தக் கேமரா 1/500 என்ற ஒரே வேகத்தில் மட்டும் ஓடும். 400 ஏஎஸ்ஏ பிலிமைப் போட்டு எஃப் 16-இல் வைத்துவிட்டால், சித்திரை வெயிலில் பேட்டரியே இல்லாமல் பகல் முழுக்கப் படம் எடுக்கலாம்.

குவியம் பார்ப்பது தனி அனுபவம். கண்ணை வைக்கும் ஜன்னலின் நடுவே ஒரு மஞ்சள் கட்டம். அதற்குள் எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் ஒன்று நகர்ந்து வந்து மற்றதன் மேல் உட்காரும். இரண்டும் ஒன்றானால் அங்கே குவியம். தூணின் விளிம்பு போல நெட்டுக்குத்தான கோடு கிடைத்தால் நொடியில் முடிந்துவிடும். சுதை வேலைப்பாட்டில் வைத்தால் எது எதன் மேல் உட்கார்ந்தது என்று புரியாது. பூக்கூடையில் வைத்தால் இன்னும் மோசம். ஆகவே கண் எப்போதும் ஒரு கோட்டைத் தேடுகிறது: புடவைக் கரை, கதவு நிலை, கண்ணாடியின் பிரேம். வளையத்தைச் சுழற்றிக் கோடு ஒன்றாகும் அந்தக் கணத்தில் விரல் தானாகவே பட்டனுக்குப் போய்விடும்.

ஷட்டர் சத்தம் மிகச் சின்னது. எஸ்எல்ஆர் கேமராவில் வரும் கண்ணாடி அடிக்கும் ஓசை இதில் இல்லை, லென்ஸுக்குள் சின்ன இதழ்கள் திறந்து மூடும், அவ்வளவே. பட்டனோ ஆழமாகப் போகும், இன்னும் அமுக்க வேண்டுமா என்று சந்தேகம் வரும் நேரத்தில் படம் விழுந்திருக்கும்.

மகால் முடிந்து விளக்குத்தூண் பக்கம் வந்தபோது பூக்கார அக்கா ஒருவரிடம் படம் எடுக்கலாமா என்று கேட்டேன். போனைத் தூக்கினால் அவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள், கை பாட்டுக்குப் பூக் கட்டிக்கொண்டிருக்கும். இந்தக் கேமராவைப் பார்த்ததும் அந்த அக்கா நாரைக் கீழே வைத்தார். முந்தானையைச் சரிசெய்தார். முதுகை நிமிர்த்தி, சிரிப்பை நிறுத்தி, நேராக லென்ஸைப் பார்த்தார். ஸ்டுடியோவில் போட்டோ எடுத்துக்கொண்ட தலைமுறையின் உடம்பு இந்தப் பெட்டியை அடையாளம் கண்டுகொள்கிறது. பக்கத்தில் இருந்த அவர் மகள் போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டே இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள். ஒரே படத்தில் இரண்டும் விழுந்திருக்கிறது. அந்த ரோலிலேயே எனக்குப் பிடித்த படம் அதுதான்.

ரோல் முடிந்தால் லீவர் இறுகும். அடியில் ஒரு பட்டனை அமுக்கி, குமிழில் மடங்கியிருக்கும் கைப்பிடியை விரித்துப் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். சுற்றச் சுற்றக் கனமாக இருந்தது சட்டென்று லேசாகும், பிலிம் நாக்கு உருளையிலிருந்து விடுபட்டுவிட்டது என்று பொருள். அதன் பிறகே கதவைத் திறக்கலாம். கூரியரில் வெளியூர் லேபுக்கு அனுப்பினேன்.

கலர் நெகடிவ் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் ஒரே முறையில்தான் கழுவுகிறார்கள். சி-41 என்று பெயர், 1972-இல் வந்தது. 37.8 டிகிரி சூட்டில் டெவலப்பரில் மூன்றேகால் நிமிஷம். சூடு கொஞ்சம் தவறினாலும் நிறம் மாறிவிடும் என்பதால் மெஷினிடம் விட்டுவிடுவது உத்தமம். கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம், ஆனால் அதற்கு 20 டிகிரி சொல்வார்கள். நம்ம ஊர்க் குழாயில் 20 டிகிரித் தண்ணீர் வர மார்கழியில்கூட வாய்ப்பில்லை, ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டும்.

படங்கள் மெயிலில் வந்தன. திறந்தேன். முதல் பார்வையில் எல்லாமே கொஞ்சம் மஞ்சளாக, மாலை வெயில் மாதிரி. நான் எடுத்தது உச்சி வெயில். லேபில் கேட்டபோது, பிலிம் என்றால் எல்லோரும் அந்த ‘வார்ம்’ நிறத்தைத்தான் விரும்புகிறார்கள், அதனால் அப்படிப் போட்டோம் என்றார்கள். நிறத்தைத் திருத்தாமல் மறுபடி ஸ்கேன் செய்து தரச் சொன்னேன், தந்தார்கள். அதே நெகடிவ், வேறு படம். வானம் நீலம், சுவர் வெள்ளை. கலர் நெகடிவ் என்பதே ஆரஞ்சு நிறத்தில் தலைகீழாக இருக்கும் ஒரு பதிவு. அதைத் திருப்பி நிஜ நிறமாக்கும்போது யாரோ ஒருவர் முடிவெடுத்தே ஆக வேண்டும். அந்தக் காலத்தில் ஸ்டுடியோவில் பிரிண்ட் போடுகிறவர் எடுத்தார். இப்போது ஸ்கேனர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் எடுக்கிறார். ‘பிலிமின் நிறம்’ என்று நாம் கொண்டாடுவதில் பாதி அந்த மனிதரின் ரசனை.

பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் லென்ஸின் தரம் தெரிந்தது. எஃப் 8, எஃப் 11-இல் எடுத்த எதுவும் இன்றைக்கு எடுத்தது என்றால் நம்பிவிடலாம். வெயிலில் நின்ற ஒருவரின் வெள்ளை வேட்டியில் மடிப்புகள் அத்தனையும் இருக்கின்றன. என் போன் அதே வேட்டியை வெறும் வெள்ளைத் துண்டாக்கியிருந்தது. வயசு தெரிந்த இடங்களும் உண்டு. சூரியனைப் பார்த்து எடுத்தவற்றில் ஒரு வெளிர்ப்புகை படர்ந்திருந்தது. லென்ஸ் மேல் பூசும் பூச்சு அந்தக் காலத்தில் இவ்வளவு முன்னேறவில்லை. எஃப் 1.7-இல் முழுக்கத் திறந்து எடுத்தவை சற்று மிருதுவாக வந்திருந்தன. இதையெல்லாம் குறை என்றும் சொல்லலாம், குணம் என்றும் சொல்லலாம். நான் குறை என்றே சொல்வேன். பெரியப்பாவும் அப்படித்தான் சொன்னார்.

அவருக்குப் போனில் காட்டினால் போதாது. “மேக்ஸி சைஸ்ல பிரிண்ட் போட்டுக் கொண்டா” என்றுவிட்டார். கொண்டு போனேன். ஜன்னலோரம் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நல்ல படங்களை ஒரு கட்டாகவும் மற்றதை இன்னொரு கட்டாகவும் பிரித்தார். வெளிர்ப்புகை படர்ந்தது எல்லாம் இரண்டாம் கட்டு. என் வயசுக்காரர்கள் அந்தப் புகைக்காகவே இந்த மாதிரிக் கேமராக்களைத் தேடி வாங்குகிறார்கள் என்றேன். அவருக்கு விளங்கவே இல்லை. “படத்துல புள்ளி இருந்தாலே ஸ்டுடியோக்காரன்கிட்ட சண்டைக்குப் போவேன் நான். காசு குடுத்து யாராவது மங்கலா வாங்குவாங்களா?”

நியாயமான கேள்வி. அவர் காலத்தில் யாரும் மங்கலை விரும்பவில்லை. நாம் பார்க்கும் பழைய ஆல்பங்கள் மங்கியிருப்பது, எடுத்தபோது மங்கலாக எடுத்ததால் இல்லை. அந்தக் காலத்துக் கலர்த் தாளில் மூன்று சாயங்கள். ஆல்பத்துக்குள் இருட்டிலேயே கிடந்தாலும் அவற்றில் பச்சை கலந்த நீலச் சாயம்தான் முதலில் சோர்ந்துபோகும். அது போனால் மிஞ்சுவது சிவப்பும் மஞ்சளும். கல்யாண ஆல்பங்கள் எல்லாம் செம்பட்டையாகத் தெரிவது இதனால்தான். அதைப் பார்த்து வளர்ந்த நாம், பழைய காலமே அந்த நிறத்தில்தான் இருந்தது என்று முடிவு கட்டிவிட்டோம்.

இதைச் சோதித்துப் பார்க்கவும் ஒரு வாய்ப்பு கிடைத்தது. பெரியப்பா எடுத்தவற்றில் பெரும்பகுதி கறுப்பு வெள்ளை. கலர் பிலிம் கிடைப்பது அப்போது குதிரைக்கொம்பு. “ஊட்டி பிலிம்தான்” என்றார். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்று மத்திய அரசு நிறுவனம் ஒன்று இருந்தது. 1960-இல் தொடங்கி, 1967-இல் உற்பத்திக்கு வந்தது. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம், போட்டோத் தாள், எக்ஸ்ரே பிலிம் எல்லாம் அங்கிருந்து வந்தன. தொழிற்சாலை மூடிவிட்டார்கள். அந்தப் பகுதிக்கு இந்து நகர் என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

பிரிண்டுகள் பழுப்பேறி, ஆல்பத்தின் பசையில் ஒட்டிக்கொண்டு பிய்க்க முடியாமல் இருந்தன. ஆனால் ஸ்டுடியோ கவரில் நெகடிவ்கள் ஆறு ஆறாக வெட்டியபடி அப்படியே கிடந்தன. கறுப்பு வெள்ளை நெகடிவில் சாயம் இல்லை, வெள்ளி. ஒழுங்காகக் கழுவி அலசியிருந்தால் மனித ஆயுளைத் தாண்டி நிற்கும். டேப்லெட்டில் வெள்ளைத் திரையை வைத்து, அதன் மேல் நெகடிவைச் சற்று உயர்த்திப் பிடித்து, போனில் படமெடுத்து, நிறத்தைத் தலைகீழாக்கினேன். ஊர் வீட்டுக் கிரகப்பிரவேசம். பிரிண்டில் நாலைந்து பேர் நிற்கும் பழுப்புத் திட்டாக இருந்தது, இங்கே அத்தையின் புடவைக் கரையில் அன்னப்பட்சிகள் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. பின்னால் சுவரில் ஒரு தினசரிக் காலண்டர். கிரகப்பிரவேசம் 78-இலா 79-இலா என்று எங்கள் குடும்பத்தில் தீராத வழக்கு ஒன்று உண்டு. பெரியம்மா 78 என்பார், அப்பா 79 என்பார். காலண்டரைப் பெரிதாக்கினேன். 1979. பெரியம்மா அது போன வருஷத்துக் காலண்டராக இருக்கும் என்றார். போன வருஷத்துக் காலண்டர் என்றால் வழக்கு 80-க்குப் போகும் என்று அப்பா சொன்ன பிறகுதான் விட்டுக்கொடுத்தார்.

இந்த யோசனையிலேயே லின்னேயஸ் டிரைப்பின் மதுரைப் படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சென்னை மாகாண அரசுக்காகப் படமெடுத்த ராணுவ கேப்டன் அவர். 1858-இல் மதுரைக்கு வந்து மீனாட்சி அம்மன் கோயிலையும் நாயக்கர் மகாலையும் எடுத்திருக்கிறார். பிலிம் என்ற பொருளே பிறக்காத காலம். மெழுகு ஏற்றிய பெரிய தாள்தான் நெகடிவ். பின்னாளில் சென்னை ஆளுநராக வந்த நேப்பியர் பிரபு பழுதுபார்ப்பதற்கு முந்தைய மகால் அதில் இருக்கிறது, இடிந்த விதானமும் செங்கல் தெரியும் தூண்களுமாக. ஒரு செங்கல்லையும் அடுத்த செங்கல்லையும் பிரித்துப் பார்க்கலாம். நான் நின்று எடுத்த அதே முற்றம்தான். அந்தப் படங்களில் ‘விண்டேஜ்’ ஒன்றும் இல்லை, கட்டடம்தான் இருக்கிறது.

இப்போது கேமராவில் 400 ஏஎஸ்ஏ கறுப்பு வெள்ளை ரோல் ஏறியிருக்கிறது. பெரியப்பாதான் ஏற்றிக் கொடுத்தார், 38 வரும் என்ற உத்தரவாதத்தோடு. தோல் உறையை மட்டும் தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன்.

எங்கே வாங்கலாம், எது பார்த்து வாங்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் வீட்டுப் பீரோக்களையும் சொந்தக்காரர்கள் வீட்டுப் பீரோக்களையும் கேளுங்கள், எங்காவது ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். வெளியில் வாங்குவதானால் பேட்டரிக் குழியைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். பின்கதவைத் திறந்து லென்ஸ் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். மஞ்சள் கட்டம் தெரிகிறதா, அது வளையத்தோடு நகர்கிறதா பாருங்கள். பஞ்சு தாராகியிருந்தால் கவலை வேண்டாம், நாடா போதும். எலெக்ட்ரோ 35 என்றால் ஷட்டரை ஒருமுறை அமுக்கிவிட்டு, லீவரை இழுத்துக் காதில் வைத்துக் கேளுங்கள். ‘டொக்’ வரவில்லையென்றால் பாதி விலைக்குக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். லட்சக்கணக்கில் செய்து விற்ற கேமரா இது, இன்னொன்று கிடைக்கும்.